'ஒன்லி': ஒரு வினையடையும் சில தீர்ப்புகளும்

1

ஆங்கிலம் படிக்காதவர்களுக்கும் தெரிந்த ஆங்கிலச் சொற்களில் ஒன்று 'ஒன்லி'. கடையில் 'கேஷ் ஒன்லி'. ரயில் பெட்டியில் 'லேடீஸ் ஒன்லி'. சென்னையின் சில தெருக்களில், வாடகை வீட்டு வாசலில் 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி'. அகராதியைப் புரட்டினால் மட்டும், மாத்திரம், தவிர வேறில்லை என்று ஒரு வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் இந்த நாட்டில் யாருக்குக் கல்லூரியில் இடம், யாருக்கு எத்தனை வயதுவரை வேலை, யாருடைய சாவு சாதிக்கொலை, யாருடைய சாவு வெறும் வயல் தகராறு என்பதையெல்லாம் தீர்மானித்ததில் இந்தச் சொல்லுக்குப் பங்கு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். என் படிப்பு தமிழ், சட்டம் அல்ல. ஆனால் சட்டமும் ஒரு பிரதிதான். சொற்களால் ஆனது, வாசிப்புக்கு உட்பட்டது. அதை வாசிக்கும் உரிமையைக் கறுப்பு அங்கிக்காரர்களிடம் மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட நாம் ஒப்பந்தம் எதுவும் போடவில்லை.

முதலில் இலக்கணம். ஆங்கிலத்தார் இதை வினையடை என்கிறார்கள். பெயர்தான் அப்படி, வினையோடு மட்டும் அது நிற்பதில்லை. வாக்கியத்தில் எதன்மீது வேண்டுமானாலும் போய் உட்காரும். தமிழில் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: செயலாளர் கூட்டத்தில் பெண் விடுதலை பற்றிப் பேசினார். இதில் 'மட்டும்' சேர்த்துப் பாருங்கள். 'செயலாளர் மட்டும்' பேசினார் என்றால் மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. 'கூட்டத்தில் மட்டும்' என்றால் வீட்டில் அவர் வேறு ஆள். 'பெண் விடுதலை பற்றி மட்டும்' என்றால் சாதி, கூலி எல்லாம் விட்டுப்போயிற்று. 'பேச மட்டும் செய்தார்' என்றால், அது நமக்குப் பழகிய கதை. தமிழில் 'மட்டும்' தான் குறிக்கும் சொல்லின் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. இடத்தை மாற்றினால் பொருள் மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆங்கில 'ஒன்லி' அப்படியல்ல. பெரும்பாலும் வினைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, பின்னால் வரும் எதை வேண்டுமானாலும் சுட்டும். எதைச் சுட்டுகிறது என்பதைப் பேசுகிறவரின் குரல் அழுத்தம்தான் காட்டிக்கொடுக்கும். அது சுட்டும் சொல்லுக்குப் பக்கத்தில்தான் 'ஒன்லி' நிற்க வேண்டும் என்று இலக்கணப் பண்டிதர்கள் நெடுங்காலம் அடம்பிடித்தார்கள். 1926இல் வெளிவந்த தன் ஆங்கில வழக்கு அகராதியில் ஃபவுளர் இந்தப் பிடிவாதத்தைக் கிண்டலடித்தார். பொருளில் குழப்பம் வராதவரை மக்கள் எங்கே வைக்கிறார்களோ அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் கட்சி. பேச்சுக்கு அவர் சொன்னது சரி. ஆனால் சட்டப் புத்தகத்துக்குக் குரல் கிடையாது. அதற்கு நீதிபதி குரல் கொடுக்கிறார். அழுத்தம் எங்கே விழும் என்பது அவர் கையில்.

பிறப்பைப் பார்த்தால் 'ஒன்லி' என்பது 'ஒன்' என்ற எண்ணுப் பெயரிலிருந்து வந்தது. ஒன்று போன்ற, ஒன்றாக உள்ள என்பது பழம்பொருள். நம் 'மட்டும்' வேறு குடும்பம். மட்டு என்றால் அளவு, எல்லை. 'நான் வருமட்டும் இரு' என்கிறபோதும், ஈழத்தில் 'நாளை மட்டும்' என்று நாளை வரைக்கும் என்ற பொருளில் சொல்கிறபோதும் அந்த எல்லைப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதாவது ஆங்கிலச் சொல் ஒன்றைத் தனியாகப் பிரித்து நிறுத்துகிறது. தமிழ்ச் சொல் கோடு கிழித்து இதுவரைக்கும் என்கிறது.

ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் ஐந்து பொருள் சொல்லும். தேற்றமும் பிரிநிலையும் அவற்றில் இரண்டு. தேற்றம் என்றால் உறுதிப்படுத்துவது. பிரிநிலை என்றால் ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்தெடுப்பது. 'ஒன்லி'யின் அகராதிப் பொருள் பிரிநிலை. ஆனால் நம் ஆட்கள் ஆங்கிலம் பேசும்போது 'யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்' என்கிறார்களே, அது நேற்று 'தான்' வந்தேன் என்பதன் ஆங்கில உருவம். அங்கே 'ஒன்லி' தேற்றமாகிவிடுகிறது. வெள்ளைக்காரன் சிரிக்கலாம். ஆனால் இந்த இரண்டு பொருளுக்கும் இடையிலான இடைவெளி சாதாரணமானதல்ல. 'சாதியால்தான் இடம் கிடைக்கவில்லை' என்று ஒருவர் சொன்னால், வேறு எந்தக் காரணமும் கடுகளவும் இல்லை என்று அவர் சத்தியம் பண்ணுகிறாரா, அல்லது சாதி இல்லாவிட்டால் கிடைத்திருக்கும் என்று அடித்துச் சொல்கிறாரா? முதலாவது பிரிநிலை. இரண்டாவது தேற்றம். நீதிமன்றங்கள் முக்கால்வாசி நேரம் முதலாவதைத்தான் கேட்கின்றன.

2

இந்தச் சொல் நம் அரசியல் சட்டத்துக்குள் 1950இல் திடீரென்று வந்து குதிக்கவில்லை. 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தின் 87ஆவது பிரிவில் அது இருக்கிறது. மதம், பிறந்த இடம், வம்சம், நிறம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு இந்நாட்டவர் எவருக்கும் கம்பெனியின் கீழ் உத்தியோகம் மறுக்கப்படலாகாது என்பது அதன் சாரம். தாராளவாதத்தின் பொன்னெழுத்து என்று இதைக் கொண்டாடியவர்கள் உண்டு.

நடைமுறையில் என்ன ஆயிற்று? நீ கறுப்பன், உனக்கு வேலை கிடையாது என்று யாரும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. 1855 முதல் போட்டித் தேர்வு நடந்தது, லண்டனில். கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் மதிப்பெண் அள்ளிக் கொடுத்தார்கள். முதல் இந்தியராகச் சத்யேந்திரநாத் தாகூர் தேறியது 1863இல். 1870களின் பிற்பகுதியில் உச்ச வயதை 21இலிருந்து 19ஆகக் குறைத்தார்கள். கடல் கடந்து போய், அந்நிய மொழியில், பத்தொன்பது வயதுக்குள் தேற வேண்டும். இதில் நிறம் எங்கே வருகிறது? எங்கேயும் வரவில்லை. வயது வருகிறது, ஊர் வருகிறது, பாடத்திட்டம் வருகிறது. நிறத்தை 'மட்டும்' காரணமாக்கி எவரையும் நிறுத்தவில்லை என்று கம்பெனியும் பிறகு முடியரசும் மார்தட்டிக்கொள்ளலாம். 'ஒன்லி'யின் வேலைத்திறன் இதுதான். தடுக்கப்பட்ட காரணத்தோடு இன்னொரு காரணத்தைத் துணைக்கு அனுப்பிவிட்டால் போதும், தடை செத்துவிடும்.

1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின் 298ஆவது பிரிவிலும் அதே சொல் அதே இடத்தில் வந்தது. பஞ்சாப் நிலச் சட்டம் ஒன்று தொடர்பான வழக்கில் 1946இல் பிரிவி கவுன்சில் அதற்கு ஒரு விளக்கம் தந்தது. சட்டம் இயற்றியவரின் நோக்கம் எவ்வளவு உயர்ந்தது என்பது முக்கியமில்லை, அந்தச் சட்டம் ஒருவருடைய உரிமையின்மேல் எப்படிப் போய் விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றது. நோக்கத்தைவிட விளைவைப் பார் என்ற இந்த வாசிப்பு கைவசம் இருந்தும் பின்னாளில் எப்படி ஓரங்கட்டப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

3

அரசியல் சட்டத்தில் 15(1), 16(2), 29(2) உள்ளிட்ட சில இடங்களில் இந்த 'ஒன்லி' இருக்கிறது. முதலாவதைத் தமிழில் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை அல்லது அவற்றுள் எதையேனும் மட்டும் காரணமாகக் கொண்டு அரசு எந்தக் குடிமக்களுக்கும் எதிராகப் பாகுபாடு காட்டலாகாது. 16(2) அரசு வேலை பற்றியது. 29(2) அரசுக் கல்விக்கூடங்களிலும் அரசு உதவி பெறுபவற்றிலும் மாணவர் சேர்க்கை பற்றியது.

இந்தச் சொல்லுக்கு முதல் பெரிய சோதனை சென்னை மாகாணத்திலிருந்துதான் போயிற்று. வகுப்புவாரி உத்தரவின்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடமும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, அரிசனர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பகிரப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் 1950இல் இதைச் செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் அதை உறுதிசெய்தார்கள். செண்பகம் துரைராஜன் வழக்கு என்று பேர் பெற்ற வழக்கு இது. அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது உச்சநீதிமன்றத்தில் தெரிய வந்தும், வழக்கு நின்றது. கூடவே வழக்குத் தொடுத்த இன்னொரு மாணவருக்கு மதிப்பெண் இருந்தும் இடம் இல்லாமல் போனதற்கு அவர் பார்ப்பனர் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை என்றது நீதிமன்றம்.

இங்கே நிற்க வேண்டும். பல நூற்றாண்டுகளாகக் கல்வி யார் கையில் இருந்தது, கல்லூரியில் யார் நிரம்பியிருந்தார்கள், மாகாணத்தின் மக்கள்தொகையில் யார் எத்தனை பேர் என்று எத்தனையோ காரணங்கள் அந்த உத்தரவின் பின்னால் இருந்தன. அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு, சாதி ஒன்றே காரணம் என்று பார்க்க நீதிமன்றத்துக்குச் சிரமமே ஏற்படவில்லை.

இதைச் சரியாகப் பிடித்தவர் அம்பேத்கர். 1951 மே மாதம் முதல் திருத்த மசோதா மீது நாடாளுமன்றத்தில் பேசியபோது, சட்ட அமைச்சராக இருந்துகொண்டே, இந்தத் தீர்ப்பு திருப்தி தரவில்லை என்றார். 29(2)இல் ஆக முக்கியமான சொல் 'ஒன்லி'. அதற்குக் கொடுக்க வேண்டிய கவனத்தை நீதிமன்றம் கொடுக்கவில்லை என்பது அவருடைய வாதம். இந்துச் சமூகத்தில் சாதி இல்லாத மனிதர் கிடையாது. எந்த இடஒதுக்கீடு செய்தாலும் விடுபட்டுப்போகிறவருக்கும் ஒரு சாதி இருக்கத்தான் செய்யும். அதற்காக அவர் சாதியின் காரணமாக 'மட்டும்' விலக்கப்பட்டார் என்று சொல்லிவிட முடியுமா? பிற்பட்ட வகுப்புகள் என்று நாம் சொல்வதே சில சாதிகளின் தொகுப்புத்தான் என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். ஒரு வினையடையை வைத்து ஒரு தீர்ப்பையே எதிர்த்து வாசித்த அரிய தருணம் அது. 1951 ஜூனில் முதல் திருத்தம் நிறைவேறி 15(4) வந்தது. உத்தரவு போனாலும் ஒதுக்கீட்டுக்கு வழி பிறந்தது.

4

இனி 30 ஆண்டு தள்ளி வருவோம். ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண்களுக்கு ஓய்வு வயது 35. அதற்குமேல் 45 வரை நீட்டிப்பது நிர்வாக இயக்குநரின் விருப்பம். வேலைக்குச் சேர்ந்த 4 ஆண்டுக்குள் கல்யாணம் செய்துகொண்டால் வேலை போகும். முதல் கர்ப்பத்தோடும் போகும். அதே விமானத்தில் அதே மாதிரியான வேலை பார்த்த ஆண்களுக்கு ஓய்வு வயது 58. பணிப்பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1981 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. நர்கீஸ் மீர்சா வழக்கு என்பது இதன் பெயர்.

கர்ப்ப விதியையும் இயக்குநரின் தன்னிச்சையான அதிகாரத்தையும் நீதிமன்றம் ரத்து செய்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 35 வயதும் 4 ஆண்டுக் கல்யாணத் தடையும் செல்லும் என்றது. என்ன காரணம்? அரசியல் சட்டம் தடுப்பது பாலை மட்டும் காரணமாகக் கொண்ட பாகுபாட்டை; பாலோடு வேறு விஷயங்களும் சேர்ந்திருந்தால் அது தடுக்கப்படவில்லை. பணிப்பெண்களுக்கு வேலைக்கு எடுக்கும் முறை வேறு, சம்பள விகிதம் வேறு, பதவி உயர்வு வேறு. ஆகவே அவர்கள் தனி வகுப்பு. சரி, இந்த வேறுபாடுகளெல்லாம் எங்கிருந்து முளைத்தன? பெண் என்பதால் தனி முறையில் எடுத்தார்கள். பெண் என்பதால் தனிச் சம்பளப் பட்டியல் போட்டார்கள். பெண் என்பதால் மேலே போகும் ஏணியைக் குட்டையாக்கினார்கள். இப்படி மூன்று பாகுபாடு செய்து வைத்துவிட்டு, நான்காவதற்கு அந்த மூன்றையும் காரணமாகக் காட்டலாம் என்றாகிறது. அப்பாவையும் அம்மாவையும் கொன்றுவிட்டு, நான் அனாதை, கருணை காட்டுங்கள் என்று கேட்டவன் கதைதான்.

முன்னதோடு ஒப்பிடுங்கள். 1951இல் பார்ப்பன மாணவர் இடம் கேட்டபோது, உத்தரவின் பின்னாலிருந்த வரலாறு எதுவும் 'ஒன்லி'யைக் கலைக்கவில்லை. 1981இல் பெண்கள் கேட்டபோது நிர்வாகம் எழுதி வைத்த பணி விதிகளே அதைக் கலைக்கப் போதுமானதாயின. சொல் ஒன்றுதான். அழுத்தம்தான் இடம் மாறியிருக்கிறது.

இது எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று சமாதானம் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் விவாதத்தில் இருந்தபோது, 'பாலின் காரணமாக' என்ற தொடருக்கு முன்னால் 'ஒன்லி'யின் உறவுக்காரச் சொல்லான 'ஸோல்லி'யைச் சேர்க்க வேண்டும் என்று செனட்டில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அது தோற்கடிக்கப்பட்டது. அந்த ஒரு சொல் உள்ளே வந்தால் சட்டமே பல்லில்லாத பாம்பாகிவிடும் என்பது எதிர்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிறு குழந்தை உள்ள பெண்களை எடுக்க மாட்டோம், ஆனால் சிறு குழந்தை உள்ள ஆண்களை எடுப்போம் என்று ஒரு நிறுவனம் விதி வைத்திருந்தது. இது பால் மட்டும் இல்லை, பாலோடு குழந்தையும் சேர்ந்தது என்று கீழே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 1971இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. நம் நீதிமன்றம் பத்தாண்டு கழித்து, அங்கே தள்ளப்பட்ட வாதத்தை இங்கே ஏற்றுக்கொண்டது. அவர்கள் சட்டத்தில் அந்தச் சொல் இல்லை, நம்முடையதில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் சொல் இருப்பது ஒன்று, அதை எப்படி வாசிப்பது என்பது வேறொன்று.

5

இதைவிடக் கொடுமையானது, எழுதப்படாத இடத்தில் இந்தச் சொல் நுழைவது.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(5) பிரிவு இப்படிப் போகும்: 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தை, ஒருவர் பட்டியல் சாதியை அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர் என்ற காரணத்தால், அவற்றைச் சேராத ஒருவர் செய்தால் ஆயுள் தண்டனை. மூலத்தில் 'ஒன்லி' கிடையாது. தேடிப் பார்த்தாலும் கிடைக்காது.

2019இல் உச்சநீதிமன்றத்துக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு கொலை வழக்கு வந்தது. குமான் சிங் வழக்கு. கால்நடைகள் வயலில் இறங்கின, வயல்காரர் விரட்டினார், தகராறு, அடி, சாவு. செத்தவரின் சாதியைச் சொல்லி, தாகூர் சாதிக்காரன் மாட்டை நீ எப்படி விரட்டலாம் என்று கேட்டுத்தான் அடித்தவர் அடித்திருக்கிறார். இதைவிடச் சாதியை வெளிப்படையாக யார் பேச முடியும்? ஆனாலும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்ற காரணத்துக்காக 'மட்டுமே' இந்தக் குற்றம் நடந்தது என்பதற்குச் சாட்சியம் இல்லை என்று சொல்லி வன்கொடுமைப் பிரிவை நீக்கினார்கள். காரணம் மாடு, சாதி அல்ல.

அந்த ஊரில் மாட்டுக்கும் சாதி உண்டு என்பது நமக்குத் தெரியும். யாருடைய மாடு யாருடைய வயலில் மேயலாம், யார் அதை விரட்டலாம், விரட்டினால் என்ன கேள்வி வரும் என்பதெல்லாம் சாதியின் சட்டம். சாதி என்பது கொலைக்கு முந்தின கணத்தில் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் உணர்ச்சி இல்லை. அது நிலத்தின் வழியாக, தண்ணீரின் வழியாக, காதலின் வழியாக, கோயில் தேர் போகும் பாதையின் வழியாக, மோட்டார் சைக்கிளின் வழியாக வேலை செய்கிறது. அப்படியிருக்க, வேறு எதுவும் கலக்காத சுத்தமான சாதியை எடுத்துக் காட்டு என்று கேட்டால் எங்கே போவது? சாதி தனியாக வந்து நான்தான் செய்தேன் என்று கையெழுத்துப் போட்ட வழக்கு உலகத்தில் ஏதாவது உண்டா?

சட்டமே இதை உணர்ந்து திருத்தப்பட்டது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, 'என்ற காரணத்தால்' என்பது போய், 'என்று அறிந்தே' என்பது வந்திருக்கிறது. இன்னார் என்று தெரிந்து செய்தால் போதும். ஆனால் அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சொற்களே. 2021 ஏப்ரலில் பட்டன் ஜமால் வலி வழக்கில், பார்வையற்ற தலித் பெண் ஒருவருக்கு 2011இல் நிகழ்ந்த பாலியல் வன்கொடுமை குறித்து, உச்சநீதிமன்றம் விரிவாக எழுதியது. 'காரணத்தால்' என்பதைக் 'காரணத்தால் மட்டுமே' என்று படிப்பது தவறு. பாலும் சாதியும் ஊனமும் ஒருவர் வாழ்க்கையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அவற்றைப் பிரித்து, இது சாதியால் மட்டும் நடந்ததல்ல என்று பாதுகாப்பை மறுப்பது சமூக ஏற்றத்தாழ்வு எப்படி இயங்குகிறது என்பதையே மறுப்பதாகும் என்ற கருத்தில் நீதிபதி சந்திரசூட் எழுதினார். நல்ல வாசிப்பு. ஆனால் அதே தீர்ப்பில், சாதி தொடர்பாகத் தனிச் சாட்சியம் வைக்கப்படவில்லை என்று வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனை ரத்தாயிற்று. பாலியல் குற்றத்துக்கான ஆயுள் தண்டனை நின்றது. வாசிப்பு மாறிவிட்டது, கோப்பு மாறவில்லை. எஃப்.ஐ.ஆர். எழுதுகிற இடத்தில் என்ன எழுதப்படுகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கும் இதுவே சான்று.

6

நண்பர்கள் ஒரு கேள்வி கேட்கக்கூடும். அம்பேத்கர் இந்த 'ஒன்லி'யைத்தானே கேடயமாகப் பிடித்தார்? அதைத் தூக்கி எறிந்தால் இடஒதுக்கீட்டின் கதி என்ன? சாதியைக் கணக்கில் எடுத்தாலே குற்றம் என்றாகிவிடாதா?

நியாயமான கேள்வி. அன்றைக்கு அம்பேத்கர் கையில் இருந்தது அந்தக் கேடயம்தான். ஆனால் அப்புறம் நிறைய நடந்திருக்கிறது. 15(4) வந்தது. 16(4) சமத்துவத்துக்கு விலக்கு அல்ல, சமத்துவத்தின் ஒரு முகமே என்று 1975இல் தாமஸ் வழக்கிலும், 1992 நவம்பரில் மண்டல் தீர்ப்பிலும் சொல்லப்பட்டுவிட்டது. ஆகவே ஒதுக்கீடு இன்று ஒரு வினையடையின் தயவில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. இன்னொன்று, பிரிவின் வாசகம் தடுப்பது வேறுபடுத்திப் பார்ப்பதையே அல்ல. ஒருவருக்கு எதிராகப் பாகுபாடு காட்டுவதை. அந்த 'எதிராக'வை யாரும் கண்டுகொள்வதில்லை. ஒடுக்கும் வேறுபாட்டையும் ஒடுக்குதலைச் சரிசெய்யும் வேறுபாட்டையும் பிரித்துக் காட்ட 'ஒன்லி'யைவிட 'எதிராக' நல்ல கருவி.

கேடயம் எதிரி கைக்கும் போய்விட்டது என்பதற்கு 2019இன் 103ஆவது திருத்தமே போதும். பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு 10 விழுக்காடு. ஆனால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோரில் எவ்வளவு ஏழை இருந்தாலும் அவருக்கு அதில் இடமில்லை. இது சாதியைப் பார்த்து விலக்குவது இல்லையா? இல்லை, அவர்களுக்கு ஏற்கெனவே வேறு ஒதுக்கீடு இருப்பதால் விலக்கப்படுகிறார்கள் என்பது பதில். 2022 நவம்பரில் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் இது செல்லும் என்றாயிற்று. மாறுபட்ட இருவரும் இந்த விலக்கலைத்தான் கடுமையாகச் சாடினார்கள். பழைய உத்தி அப்படியே இருக்கிறது. சாதியோடு இன்னொரு காரணத்தைத் துணைக்கு அனுப்பு, தடை செத்துவிடும். 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' பலகையும் இதே இலக்கணத்தில் எழுதப்பட்டதுதான். யாருக்கு வீடு இல்லை என்று அது சொல்வதே இல்லை. என்ன சாப்பிடலாம் என்றுதான் சொல்கிறது.

அப்படியானால் 15(1)இல் இருக்கும் 'ஒன்லி'யை என்ன செய்வது? எழுதப்பட்ட சொல்லை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது நிற்கும் இடத்தைப் பார்க்கலாம். மூலத்தில் அது 'காரணங்கள்' என்ற சொல்லுக்குப் பின்னும் மதம், இனம், சாதி என்ற பட்டியலுக்கு முன்னும் நிற்கிறது. நீதிமன்றங்கள் வாய்மொழியாகத் திருப்பிச் சொல்லும்போது அதை முன்னால் நகர்த்தி, 'காரணத்தால் மட்டுமே' என்று ஆக்கிவிடுகின்றன. அது நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று விட்டால், அது பட்டியலின் எல்லையைக் குறிப்பதாகப் படிக்க முடியும். தடுக்கப்பட்ட காரணங்கள் இவை, இவை மட்டும், இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் போதும் என்று. பட்டியலின் முடிவில் 'அவற்றுள் எதையேனும்' என்று வருவதும் இதற்கு ஒத்துப்போகிறது. தமிழ் 'மட்டும்' செய்வது போலக் கோடு கிழிக்கிற வேலை. என் வாசிப்பு இது. 2018 செப்டம்பரில் 377ஆவது பிரிவு பற்றிய தீர்ப்பில், நர்கீஸ் மீர்சா வழக்கின் 'பாலோடு வேறொன்று' என்ற வாதம் அரசியல் சட்டத்தின் உறுதிமொழியையே பொருளற்றதாக்கும் என்று ஒரு நீதிபதி எழுதியபோது, வேறு வழியில் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்.

7

கடைசியாக நம்மைப் பற்றி. எழுதுகிறவர்களும் களத்தில் நிற்கிறவர்களும் ஒரு தொடரை வாய்ப்பாடு மாதிரி வைத்திருக்கிறோம்: 'தலித் என்ற ஒரே காரணத்துக்காக'. துண்டறிக்கை, கண்டனக் கூட்டத் தீர்மானம், உண்மை அறியும் குழு அறிக்கை, பத்திரிகைச் செய்தி, கவிதைத் தொகுப்பின் முன்னுரை என்று எங்கும் இது இருக்கிறது. அந்த 'ஒரே' ஏன் வருகிறது என்று எனக்குப் புரிகிறது. கோபத்தை அழுத்திச் சொல்வதற்காக வருகிறது. நம் மனதில் அது தேற்றம். ஆனால் அறிக்கை நம் கையைவிட்டுப் போனதும், காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அதைப் பிரிநிலையாகப் படிக்கிறார்கள். ஒரே காரணமா? இதோ இன்னொன்று: அவன் அந்தப் பெண்ணோடு பேசினான். இதோ இன்னொன்று: முன்விரோதம், பணம், பைக் வேகம், குடி. ஒன்றே ஒன்று கிடைத்தாலும் 'ஒரே' பொய்யாகிவிடும். கூடவே நாம் சொன்ன முழுக்கதையும் பொய்யென்று ஆகிவிடும். எதிராளி கேட்பதற்கு முன்னாலேயே தூக்க முடியாத பாரத்தை நாமே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறோம்.

வேறு மாதிரி எழுதலாம். பைக்கில் போனதற்காக அடித்தார்கள் என்றால், அதை மறைக்காமல் அப்படியே எழுதுங்கள். அதே தெருவில் அதே வேகத்தில் அவர்கள் பையன் போனால் அடிப்பார்களா என்று அடுத்த வரியில் கேளுங்கள். மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு அந்த ஆளின் சாதியை மட்டும், அல்லது பாலை மட்டும், மாற்றிப் பார்ப்பது. அப்போதும் அதே முடிவு வருமா? வராதென்றால் சாதிதான் காரணம். கூட எத்தனை காரணம் நின்றாலும். 'மட்டும்' என்ற சொல்லுக்கு நியாயமான வேலை ஒன்று உண்டென்றால் அது இந்தக் கேள்விக்குள்தான்.

அடுத்த முறை அறிக்கை எழுதும்போது அந்த 'ஒரே'யை அடித்துவிட்டு வாக்கியத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். 'தலித் என்பதால் கொல்லப்பட்டார்.' கோபம் எதுவும் குறைந்துவிடவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் ஒரு பிடி குறைகிறது.